பெட்டியில்லாத் தேர்தல்

கேள்வி: அமெரிக்காவில் தொழிலாளர்களே சங்கம் வேண்டாம் என்று ஓட்டுப் போடுகிறார்களாமே! ராஜபாளையம் மில்களில் அப்படி நடக்குமா? (ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்)

பதில்: 2021-இல் அலபாமாவின் பெஸ்ஸமரில் அமேசான் கிடங்குத் தொழிலாளர்கள் 738 பேர் சங்கம் வேண்டும் என்றார்கள், 1,798 பேர் வேண்டாம் என்றார்கள். நிறுவனம் தலையிட்டது என்று அந்நாட்டுத் தொழிலாளர் வாரியம் தேர்தலையே திரும்ப நடத்தச் சொன்னது தனிக்கதை. இங்கே பெட்டி வைக்கும் செலவுகூட இல்லை. சேராமல் இருந்தாலே எதிர்த்து ஓட்டுப் போட்டதாகிவிடும். 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் ஏழு பேர் கூடினால் சங்கம் என்றது; 2001 திருத்தம் தொழிலாளர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அது என்றது. உங்களூர்ப் பால்கோவா அடுப்படியில் ஏழு பேருக்கே பக்கத்துக் கடையில் ஆள் கடன் வாங்க வேண்டும். நூற்பாலைகளில் ஆள் உண்டு. ஆனால் விடுதியில் தங்கும் இளம்பெண்ணுக்கும் ஒப்பந்தத்தில் வந்த வடமாநிலத்தவருக்கும் வேலை போனால் படுக்கையும் போகும். அந்தப் பயத்தில் சேராமல் இருப்பதைச் சம்மதம் என்று எண்ணுவது முதலாளிக் கணக்கு.

‘சங்கத்தால்தான் மில்கள் மூடின’ என்பீர்கள். கட்சிக்கொரு சங்கம் கண்டு தொழிலாளியைக் கூறு போட்டது உண்மைதான். ஆனால் 2022-இல் ஒரு கண்டி பஞ்சு லட்ச ரூபாயைத் தாண்டியபோது பல மில்கள் உற்பத்தியை நிறுத்தின. அதற்கு யாரும் கொடி பிடிக்கவில்லை. சேரத் துணிந்தவர்கள் கதையையும் பாருங்கள்: ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தும், சங்கப் பதிவு கைக்கு வந்தது 2025 ஜனவரியில், அதுவும் நீதிமன்றப் படியேறிய பிறகு.