தாம்பரம் வட்டார வார இதழ் உறைகள்: ஒரு முன்னாய்வு

பழைய வார இதழின் பக்கத்தைக் கிழித்து, உறையாக மடித்து, கடிதம் வைத்துத் தபாலில் சேர்க்கும் கலையை நம் ஆய்வுலகம் கண்டுகொள்ளாதது வருந்தத்தக்கது. அக்குறையைத் தாம்பரம் வட்டார அளவிலேனும் களைய முற்படுகிறோம். எமது கருதுகோள் ஒன்றே: இங்கே உறைதான் மூலநூல், உள்ளிருக்கும் கடிதம் பிற்சேர்க்கை.

வீட்டிலுள்ள வார இதழ்களுக்கு உரிமை கோருவோர் இரு கட்சியினர். தொடர்கதைகளைச் சேர்த்து பைண்டிங் செய்வோர் மூத்த கட்சி. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த பொன்னியின் செல்வனை, மணியத்தின் ஓவியங்களோடு கட்டிக் காத்தவர்கள் இவர்களே. அவர்கள் கழித்துக் கட்டியதே உறைக் கட்சியின் பங்கு. சேலையூர் உறைகளில் ராசிபலனும் புடவை விளம்பரமும் மிகுந்திருப்பதை ரசனைக் குறைவு என்று கொள்ளலாகாது.

கல்யாணப் பத்திரிகை வந்த உறையைப் பசை விட்டுப் பிரித்தால் அளவு கிடைத்துவிடும். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது பைண்டிங் கட்சியிடம் பட்ட கடன். நடுப்பக்கத்தில் நடிகையின் முகம் பெரிதாகக் கிடைக்கும்தான். ஆனால் பின் அடித்த துளைகள் சரியாக மூக்கருகே விழும். வழவழ அட்டையில் தபால் முத்திரையின் மை காயாமல் இழுவிக்கொள்ளும். எடையில் சிக்கலில்லை. 5 ரூபாய்த் தபால்தலைக்கு 20 கிராம் கணக்கு. உறை போக மூன்று ஏ4 தாளுக்குத் தாராளமாக இடமுண்டு. மூன்று தாளுக்கு எழுத இன்று யாரிடம் விஷயம் இருக்கிறது என்பது வேறு ஆய்வு.

மஞ்சள் தடவிய முனை என்றால் கல்யாணம், கறுப்புக் கரை என்றால் காரியம் என்று ஓரத்தைப் பார்த்தே சேதி அறியும் சமூகம் நம்முடையது. வளைகாப்பு வாழ்த்தை 'கண்ணீர் அஞ்சலி' விளம்பரத்தில் மடித்தனுப்பிய சிட்லபாக்கத்து அத்தை ஒருவர், குழந்தைக்குப் பெயர் வைக்கும்வரை அந்த வீட்டுப்பக்கம் வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டார்.

முகவரிக்கு வெள்ளைத்தாள் ஒட்டியே ஆகவேண்டும். மேற்குத் தாம்பரம் 600045, கிழக்குத் தாம்பரம் 600059. நடுவில் இருப்பதென்னவோ ரயில் பாதைதான். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடு முறையை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் ஒரு சமஸ்கிருதக் கவிஞர். அவரேகூட, கடகத்துக்கு அதிர்ஷ்ட எண் 2, 7 என்ற வரிக்குப் பக்கத்தில் தம் ஆறு இலக்கத்தை எழுதுவார்கள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இனிச் சான்று. பெருங்களத்தூர் நாத்தனாருக்கு, கைமாற்றாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு ஒரு கடிதம் போயிற்று. உறையில் ஒரு சிறுகதையின் பாதி: ஓடிப்போன கணவன் பெட்டியுடன் வாசலில் நிற்கிறான், 'தொடர்ச்சி 74-ஆம் பக்கம்'. மறுதபாலில் பதில் வந்தது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 74-ஆம் பக்கத்தை உடனே அனுப்பவும் என்றிருந்தது. அது அதற்குள் பம்மல் சித்தப்பாவுக்கு உறையாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் எந்த உறையையும் குறுக்கே கிழித்துத்தான் பிரிப்பார். மிஞ்சிய துண்டின்படி கணவன் உள்ளே போய்க் காபி குடித்துக்கொண்டிருக்கிறான். அவனை யார் உள்ளே விட்டது என்பது கிழிந்த பகுதியில் இருக்கிறது.