ஐப்பசியில கடற்கரையா, மாப்ளே?

மாப்ளே, ஐப்பசியில நாலு நாள் லீவு போட்டுக்கிட்டு நாகை, வேளாங்கண்ணி, தரங்கம்பாடின்னு கடலோரமா சுத்தப் போறியாம். உங்கம்மா போன்ல சொன்னா. முதல்ல பிரேசில்ல ரியோவுக்குப் போறதாத்தான் இருந்துச்சாம். டிக்கெட் விலையைப் பார்த்ததும் நாகப்பட்டினம் ஞாபகம் வந்துச்சாம். பரவாயில்லை. காசு பத்தாம ஊருக்கு வர்றவனும் விருந்தாளிதான்.

ரியோவுக்குப் போகாததும் ஒருவகையில நல்லதுதான். அங்க பருவமெல்லாம் தலைகீழ். நமக்கு ஐப்பசின்னா அவனுக்கு வசந்தம். அவனுக்கு இலை உதிர்றது நம்ம பங்குனி, சித்திரை, வைகாசியில. கார்னிவல் கூத்தெல்லாம் பிப்ரவரி, மார்ச்சோட முடிஞ்சுடும். நீ அக்டோபர்ல போய் இறங்கியிருந்தா, மலை மேல 1931லேர்ந்து கையை விரிச்சுக்கிட்டு நிக்கிற ஏசுநாதர் மட்டும்தான் உன்னை வாடான்னு கூப்பிட்டிருப்பாரு. பிரேசில் பக்கத்துலேர்ந்து நமக்கு வந்ததுல உருப்படியானது முந்திரி. போர்ச்சுக்கீசியன் கப்பல்ல கொண்டாந்தது. பொங்கல்ல சோத்தை ஒதுக்கிட்டு முந்திரியை மட்டும் நீ பொறுக்கித் தின்னப்பவே அந்த ஊரோட உன் கணக்கு நேராயிடுச்சு.

சரி, நம்ம கடற்கரைக்கு வருவோம். அக்டோபர் கடைசியில கூட்டம் இருக்காது, ரூம் மலிவா கிடைக்கும்னு உன் போன் சொல்லிச்சாம். கிடைக்கும்டா. ஏன் மலிவுன்னு கேட்டியா? வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்குல பிடிக்கும். நாகைப் பக்கம் வருஷ மழையில பாதிக்கு மேல அப்பத்தான் கொட்டும். கடலுக்குப் போறவனே படகை மேட்டுல ஏத்திட்டு வலையைப் பழுது பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். நீ அரைக்கால் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமா போய் நின்னா, இரக்கப்பட்டு ஒரு டீ வாங்கிக் கொடுப்பான்.

துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துவாங்க, அதைப் படிக்கக் கத்துக்க. ஒண்ணு, ரெண்டுன்னா தூரத்துல எங்கியோ கிளம்பியிருக்கு. டீயைக் குடிச்சு முடிக்கலாம். மூணுன்னா பையை எடுத்துக்க. பத்து வரைக்கும் ஏற ஏற ஆபத்து ஜாஸ்தி. பதினொண்ணுன்னு ஒண்ணு இருக்கு பாரு, அது வானிலை ஆபீசோட தொடர்பே அறுந்துபோச்சுங்கிறதுக்கு. அப்ப உன் போன்கிட்ட யோசனை கேளு.

விளையாட்டுக்குச் சொல்லலை. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் இதே கரையிலதான் ஏறுச்சு, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு தோப்பாவே படுத்துடுச்சு.

ஆட்டம் பாட்டம், கூட்டம் வேணும்னா நீ ஆவணியில வந்திருக்கணும். வேளாங்கண்ணியில ஆகஸ்ட் 29 கொடியேறினா செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரைக்கும் ரோடெல்லாம் காவி உடுத்தி நடக்கிற சனம். நாகூர் கந்தூரியும் லேசுப்பட்டதில்லை. அஞ்சு மனோராவிலயும் கொடியேறும். அதுல 131 அடி பெரிய மனோரா, தஞ்சாவூர் மராட்டிய ராசா பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. ஆனா கந்தூரி பிறைக் கணக்கு, வருஷத்துக்குப் பத்து பதினோரு நாள் முன்னாடி வந்துக்கிட்டே இருக்கும். உன் லீவு லெட்டரைப் பார்த்துட்டா பிறை தெரியும்?

தரங்கம்பாடிக்கு அவசியம் போகணும்னா போ. 1620ல நம்ம ரகுநாத நாயக்கர்கிட்ட இடம் வாங்கி டேனிஷ்காரன் கோட்டை கட்டினான். 225 ஐப்பசியைத் தாக்குப் பிடிச்சுட்டு, 1845ல வெள்ளைக்காரன் தலையில கட்டிட்டுக் கப்பல் ஏறிட்டான். கோட்டைக்குப் பக்கத்துலயே மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் காலத்துக் கல்லு. முன்பக்கத்தைக் கடல் தின்னுடுச்சு. கருங்கல்லையே விடாதது உன் ரப்பர் செருப்பை விடுமா?

இல்ல மாமா, ஐப்பசியிலதான் வருவேன்னு அடம் பிடிச்சியானா, கடலை விட்டுட்டுக் காவேரிக்கு வா. மாயவரம் துலாக்கட்டத்துல மாசம் பூரா முழுக்கு. கடைசி நாள் கடைமுகம். நீதான் எதுக்குமே நேரத்துக்கு வந்ததில்லையே. அதுக்கும் வழி பண்ணி வச்சிருக்காங்க. கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. கால் இல்லாத ஒருத்தன் தவழ்ந்து வந்து சேர்றதுக்குள்ள ஐப்பசி முடிஞ்சுபோச்சு, அவனுக்கும் சாமி அருள் கொடுத்தாருன்னு கதை. அவனுக்குக் கால் இல்லை, உனக்குக் காலையே இல்லை. சாமி கொஞ்சம் தாராளமாப் பார்த்தா நீயும் தேறிடுவே. தஞ்சாவூர்ல ஐப்பசி சதயத்துக்கு ராஜராஜனுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவாங்க. பௌர்ணமிக்குப் பெரிய கோயில் லிங்கத்துக்கு அன்னாபிஷேகம். உனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், சோறு சம்பந்தப்பட்டது.

இதெல்லாத்தையும் விடப் பெரிய வேடிக்கை ஒண்ணு நம்ம ஊர்லயே நடக்குது. குறுவை அறுப்பு. அறுத்த நெல்லு ஈரம். கொள்முதல் நிலையத்துல 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா எடுக்க மாட்டாங்க. அதனால பாதி ரோட்டுல நெல்லைப் பரப்பிக் காலாலயே கோடு போட்ட மாதிரி கிளறிக்கிட்டே நடக்கணும். சுணை அரிக்கும். கிழக்க கறுத்துச்சுன்னா ஊரே ஓடும். பலகையால தள்ளிக் குவிச்சு, படுதா போட்டு, காத்துல பறக்காம ஓரத்துல கல்லு வைக்கணும். மழை விட்டதும் பிரிச்சுப் பரப்பு. மறுபடியும் ஒரு பிடி எடுத்து மிஷின்ல போட்டுப் பார்த்து "இருபது"ம்பாங்க. திரும்ப ரோடு. மிஷின் ஒருவழியா இறங்கி வந்தா, 40 கிலோ சிப்பம் சிப்பமாத் தூக்கலாம். மெட்ராஸ்ல மாசாமாசம் பணம் கட்டி இரும்பைத் தூக்குறியே, இங்க தூக்கினா காபித் தண்ணியும் உண்டு. உங்க கார்னிவல்ல இந்த ஓட்டம் ஓடுவானாடா?

படுதாவுக்கு மூலை நாலு. இங்க நானும் உங்க அத்தையும் ரெண்டு பேரு. நீ எதுக்கு வரணும்னு இப்பப் புரிஞ்சிருக்கும்.

ரூமை ரத்து பண்ணிடு, திண்ணை காலியாத்தான் இருக்கு. வரும்போது நல்ல கனமான படுதா ரெண்டு வாங்கிட்டு வா. பில்லை உங்கம்மாகிட்ட கொடுத்துடு.