துடைத்தது யார்?
குழந்தை கைவிட்டு அளைந்த கூழ் அமிழ்தத்தைவிட இனிக்கும் என்கிறார் வள்ளுவர், திருக்குறளின் 7ஆம் அதிகாரத்தில். புறநானூறு 188இல் பாண்டியன் அறிவுடைநம்பியும் அதே கட்சிதான்: நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாதவருக்கு வாழ்நாளே பயனற்றதாம். ராஜாவுக்கென்ன, துடைக்க ஆள் இருந்திருக்கும்!

எங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பொத்தான் இடுக்கில் ரசம்சாதம் காய்ந்துபோய், சத்தம் கூடுகிறது, குறைய மாட்டேனென்கிறது. ஜன்னல் கம்பியில் பருப்புச்சோறு. அதட்டினால், "காக்காவுக்கு வச்சேன்ப்பா" என்கிறாள் மகள். தர்மகாரியம், திட்டவும் முடியாது. தட்டில் மிஞ்சிய ஆறிப்போன சோற்றை வழக்கம்போல நான் வழித்துத் தின்றேன்.

காலித் தட்டைப் பார்த்த பாட்டிக்குப் பரம திருப்தி: "புள்ள இன்னைக்கு நல்லா சாப்பிட்டிருக்கு!"