முத்திரை குத்தினால் போதுமா?

கேள்வி: கிராமச் சுகாதாரத் திட்டத்தைக் கண்காணிக்க வெளியாட்கள் எதற்கு? துறையே பார்த்துக்கொள்ளாதா?

பதில்: பார்த்துக்கொள்ளும், தன்னை நன்றாகவே பார்த்துக்கொள்ளும்! ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் 2006இல் சேவா மந்திர் என்ற தன்னார்வ அமைப்பு, துணைச் சுகாதார நிலைய நர்சுகளுக்கு நேர முத்திரை இயந்திரம் கொடுத்தது. கண்காணிப்பு நாளில் மூன்று வேளை முத்திரை விழ வேண்டும். அந்த நாட்களில் பாதிக்கு மேல் வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். தொடக்கத்தில் வருகை கணிசமாகக் கூடியது. 16 மாதங்களில் பழைய குருடி கதவைத் திறடி! இயந்திரம் மீது மட்டும் பழிபோட முடியாது. அலுவல் வேலை என்று காரணம் காட்டி, நிர்வாகமே விலக்கு நாட்களை அள்ளிக் கொடுத்தது. பதிவேட்டின்படி ‘வராத நாள்’ குறைந்தது. நிலையத்தில் பூட்டு மட்டும் தொங்கியது.

‘வெளியார் பார்த்தும் பலனில்லையே’ என்பீர்கள். அந்தத் தில்லுமுல்லு அம்பலமானதே வெளியார் முன்னறிவிப்பின்றிப் போய்த் தலை எண்ணியதால்தான். பொருளாதார ஆய்வாளர்கள் பானர்ஜி, டுஃப்லோ, கிளெனர்ஸ்டர் மூவரும் 2008இல் அதை ஆய்வாகவே வெளியிட்டார்கள். கோளாறு வேறிடத்தில்: அளப்பது வெளியார், தண்டிப்பது துறை. ‘செலவாகுமே’ என்றால், ஆளில்லாத நிலையத்துக்குத் தரும் சம்பளம் மட்டும் இலவசமா? வருகை எண்ணிக்கையைக் கோப்புக்குள் புதைக்காமல் கிராம சபையில் வாசியுங்கள். மேலதிகாரி விலக்கு தருவார். காய்ச்சலோடு காத்திருந்தவர் தருவாரா?