சொந்தத் தறி

விளம்பரம் போடாமல், நம் தகவலையும் விற்காமல் ஒரு மென்பொருள் நிறுவனம் எப்படிப் பிழைக்கும்?
*– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்*

உங்கள் ஊரில் சேலையை விற்றுப் பிழைக்கிறார்களா, சேலை வாங்க வந்தவரின் விலாசத்தை விற்றுப் பிழைக்கிறார்களா? கூடுவாஞ்சேரியில் இருக்கும் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவும் சரக்கைத்தான் விற்கிறது. வாடிக்கையாளர் கட்டும் சந்தாதான் அதன் வருமானம். (கூடுவாஞ்சேரியும் 2019 வரை உங்கள் மாவட்டம்தான்!)

வெளி முதலீடு வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

முன்பணம் வாங்கிய தறியில் யார் சொன்ன டிசைன் ஓடும்? 1996-இல் ‘அட்வென்ட்நெட்’ என்று தொடங்கியதிலிருந்து ஜோஹோ முதலீட்டு நிறுவனங்களிடம் கைநீட்டவில்லை. பங்குச் சந்தைக்கும் போகவில்லை. பாவும் சொந்தம், ஊடையும் சொந்தம். அதனால்தான் 2020-இல் தன் தளங்களிலிருந்து பிறரின் உளவு நிரல்களை நீக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் இலவசச் செயலி எதையும் தொடக் கூடாதா?

தொடலாம். கோயிலில் அன்னதானமும் இலவசம்தான். உபயதாரர் பெயர் பலகையில் இருக்கும். ‘சிக்னல்’ குறுஞ்செய்திச் செயலியை நடத்துவது லாப நோக்கற்ற அறக்கட்டளை. வாட்ஸ்அப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் 2018-இல் 5 கோடி டாலர் போட்டு அந்த அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார்; இன்று அதற்குப் பயனர்களின் நன்கொடையும் கைகொடுக்கிறது.

உபயதாரர் யாரென்றே தெரியாத இலவசத்துக்கு மட்டும் பயப்படுங்கள். அங்கே இலை போடுவது உங்களுக்கு அல்ல. இலையில் இருப்பதே நீங்கள்தான்.