ஐம்பத்திரண்டில் ஒருவர்

நாகர்கோவில் மாநகராட்சியில் 52 வார்டுகள் உள்ளன. ஆகவே மாமன்றம் எனப்படும் அதன் உறுப்பினர் அவையில் ஒரு கவுன்சிலருக்கு உரிய பங்கு 52-இல் 1 என்பது கணக்குத் தெரிந்த எவரும் ஒத்துக்கொள்ளும் முடிவாகும். ஆனால் அவருடைய வார்டில் வாழ்வோரின் கணக்கில், குழாயில் வராத தண்ணீர், தெருவில் எரியாத விளக்கு, அடுத்த வீட்டுச் சேவல் கூவும் நேரம், மூன்றாம் வீட்டு மருமகளின் பணியிட மாறுதல் ஆகிய அனைத்துக்கும் அவர் ஒருவரே முழுப் பொறுப்பாளர். இவ்விரு கணக்குகளும் ஒருபோதும் நேராவதில்லை என்பதை அறிந்தும், இருசக்கர வண்டியில் ஏறி நாள்தோறும் அவற்றை நேராக்கப் புறப்படும் மனிதர் என்று அவரை வரையறுத்தால் பெரும் பிழை நேராது.

1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம், மாநில அரசு விரும்பினால் நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. அரசுகள் எதை எவ்வளவு விரும்பின என்பது தனி நூலுக்குரிய பொருளாதலால் இங்கே தெருவில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கூறலாம்: மின்கம்பம் மின்வாரியத்தினுடையது, அதில் தொங்கும் விளக்கு மாநகராட்சியினுடையது, விளக்கு அணைந்த பின் உண்டாகும் இருட்டு மட்டும் கவுன்சிலருடையது. பெருஞ்சாலை நெடுஞ்சாலைத் துறைக்கும், பாசனக் கால்வாய் நீர்வளத் துறைக்கும் உரியவையாக இருக்க, அக்கால்வாயில் பிறந்து வீட்டுக்குள் குடியேறும் கொசுவுக்கு எந்தத் துறையும் உரிமை கோராததால் அதுவும் அவர் கணக்கிலேயே சேர்கிறது.

குறைகளைக் கேட்க மட்டும் அதிகாரம் பெற்ற ஓர் இனம் இம்மண்ணுக்குப் புதியதன்று. நாகர்கோவில் அடங்கிய நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்த நாளில், 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் ஊர்க்குறைகளை எடுத்துரைக்கலாம், திவான் விடை கூறுவார், சட்டம் இயற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை. 1956 நவம்பர் 1 அன்று இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது, நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்தது, 2022 பிப்ரவரி 19 அன்று அதன் முதல் மாமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. ஆயினும் குறை கூறுவோருக்கும் விடை கூறுவோருக்கும் நடுவே வியர்த்து நிற்கும் அந்த மனிதரின் நிலையை வரலாறு அதிகமாகத் தொந்தரவு செய்யவில்லை.

அவருடைய வாரம் திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே தண்ணீரில் தொடங்குகிறது. அதாவது தண்ணீர் இன்மையில் தொடங்குகிறது. நகரின் பழைய குடிநீர் ஆதாரம், மன்னராட்சிக் காலத்தில் கட்டப்பட்ட முக்கடல் அணையாகும். அதன் முழு நீர்மட்டம் 25 அடி என்பதும், கோடையில் நீர் குழாய் மட்டத்துக்கும் கீழே இறங்கும்போது நாளிதழ்கள் ‘மைனஸ்’ அடி என்று குறிப்பிட்டு எழுதுவதும் இவ்வூரார் அனைவரும் அறிந்தவை. பூஜ்யத்துக்குக் கீழும் ஓர் அணை இயங்க முடியும் என்பதை ஏற்றுக்கொண்ட மக்கள், அந்த அணையிலிருந்து தங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் நீர் வரவில்லை என்பதை ஏற்றுக்கொள்வதில்லை. புத்தன் அணையிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டத்தைப் பற்றிக் கவுன்சிலர் விளக்கத் தொடங்கினால், காலிக் குடத்தோடு நிற்கும் மூதாட்டி அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும் மக்ளே, தண்ணி எப்பம் வரும்?” என்பார். “இன்னா வந்திரும் ஆச்சி” என்பது சட்டப்படியான விடை அன்று என்றாலும், இதைத் தவிர வேறு விடை எதுவும் அந்த நேரத்தில் செல்லாது.

இவ்விடத்தில் வால்வு திறக்கும் ஊழியரைப் பற்றி ஒரு சொல் கூறியாக வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்நேரம் எவ்வளவு நீர் என்பதை நடைமுறையில் முடிவு செய்பவர், தரையில் பதித்த இரும்பு மூடியைத் திறந்து நீண்ட கம்பியால் வால்வைத் திருகும் இந்த ஊழியரே ஆவார். மேயரிடம் குரல் உயர்த்தும் கவுன்சிலரும் இவரிடம் தாழ்ந்த குரலில், “அண்ணாச்சி, நம்ம மேலத்தெருவுக்கு இன்னும் ஒரு அரை மணிக்கூரு விட்டா கொள்ளாம்” என்று பேசுவதைக் காணலாம். அவர் “பாக்கலாம்” என்று சொன்னால் கவுன்சிலர் அதை வெற்றியாகக் கருதுகிறார்; நீர் வந்துவிட்டாலோ, தம் இடையறாத முயற்சியால் வந்தது என்று வார்டின் வாட்ஸ்அப் குழுவில் குழாயின் படத்தோடு அறிவிக்கிறார். ஒருவேளை வழக்கமான முறையிலேயே அது வந்திருக்கலாம் என்ற ஐயம் அவருக்கும் உண்டு, ஆனால் ஐயங்களைப் பதிவிடும் வழக்கம் அக்குழுவில் இல்லை.

திங்கட்கிழமை முற்பகலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுகிறது. பிறர் குறைகளைக் கேட்கவேண்டிய கவுன்சிலரே அங்கே மனுவோடு வரிசையில் நிற்கும் காட்சியில் முரண் ஒன்றும் இல்லை. அவருடைய மனு உரிய நடவடிக்கைக்காக மாநகராட்சிக்கே திருப்பி அனுப்பப்படுவதில்தான் சற்று உண்டு. செவ்வாயும் புதனும் பிறப்புச் சான்று, வரிப்பெயர் மாற்றம், முதியோர் உதவித்தொகை, தெருநாய் ஆகியவற்றில் கழிவதால் அவற்றைப் பற்றிக் கூறுவதற்கு அதிகம் இல்லை.

மாமன்றக் கூட்டம் கூடும் நாளில் மட்டும் அவர் வேறொரு பிறவியாகத் தோன்றுகிறார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியும், பையிலுள்ள தலைவர் படம் வெளியே தெரியும் அளவுக்கு மெல்லிய வெள்ளைச் சட்டையும் அணிந்து அவைக்குள் நுழையும் அவர், ‘அஜெண்டா’ எனப்படும் பொருள் நிரலைப் புரட்டித் தம் வார்டின் எண்ணைத் தேடுகிறார். எண் இருந்தால் அந்நிர்வாகம் மக்கள் நிர்வாகம், இல்லாவிட்டால் பாரபட்ச நிர்வாகம். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய தெருவில் தார் போடவேண்டும் என்றோ, வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கின் புகைக்கு முடிவு வேண்டும் என்றோ அவர் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் நியாயமானவை. ஆனால் அவரைப் போலவே நியாயமான கேள்விகளோடு மேலும் பலர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பதால் எதுவும் காதில் விழுவதில்லை. அந்நிலையில் மிஞ்சும் ஆயுதம் வெளிநடப்பு, அதாவது எதிர்ப்பைக் காட்ட அவையை விட்டு வெளியேறுதல். வெளியேறியவர் செய்தியாளரிடம் இரண்டு நிமிடம் கொதித்து, எதிரேயுள்ள கடையில் ரசவடையும் சாயாவும் அருந்தி, அடுத்த தீர்மானத்தில் தம் வார்டு இருப்பது நினைவுக்கு வந்தவுடன் உள்நடப்பும் செய்துவிடுகிறார்.

இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-இல் வழி செய்யப்பட்ட பின், இவ்வினத்தில் ஒரு கிளையினமும் தோன்றியுள்ளது: கவுன்சிலரின் கணவர். தேர்தலில் நிற்காத இவர் சுவரொட்டியில் நிற்கிறார்; தொலைபேசியை எடுத்து “கவுன்சிலர்தான் பேசுகேன்” என்கிறார். மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, ஒப்பந்தக்காரர் எத்தனை அடி குறைத்துப் போட்டார் என்பதெல்லாம் அம்மையாருக்கே தெரியும் என்பதால், சிக்கலான கேள்வி வந்தால் மட்டும் தொலைபேசி கை மாறுகிறது.

வாரத்தின் உண்மையான உழைப்பு இறுதி நாட்களில்தான் உள்ளது. ஆவணி மாத முகூர்த்த நாளொன்றில் வடசேரியில் ஒரு கல்யாணம், ராமன்புதூரில் தேவாலயத் திருமணம், இடலாக்குடியில் நிக்காஹ் என மூன்று அழைப்புகள் இருக்கலாம். மூன்றிலும் அவர் முகம் தெரிய வேண்டும், மூன்றிலும் இலையில் உட்கார வேண்டும், மூன்றிலும் போதும் என்ற சொல்லுக்கு இடமில்லை. அவியலும் எரிசேரியும் கடந்து அடைப்பிரதமனும் உண்டு எழுந்தவர், முக்கால் மணி நேரத்தில் பிரியாணியின் முன் புதுப்பசியோடு அமரும் திறமை எந்தப் பயிற்சி முகாமிலும் கற்பிக்கப்படுவதில்லை. இவற்றோடு துட்டி வீடுகள், அதாவது இறப்பு நேர்ந்த இல்லங்களும் உண்டு. கல்யாணத்துக்கு வராத கவுன்சிலரை மன்னிக்கும் குடும்பம், துட்டி கேட்க வராதவரை அடுத்த தேர்தல்வரை மறப்பதில்லை. எனவே பதினாறாம் நாள் சடங்கான அடியந்திரத்துக்காவது தலை காட்டிவிடுகிறார். 2023 ஜூலை முதல் மாநகராட்சி உறுப்பினருக்கு அரசு வழங்கும் மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய்; மொய்க்கும், தோவாளைப் பூமாலைக்கும், பெட்ரோலுக்கும் அது போதுமா என்று கேட்டால் அவர் சிரிக்கிறார். பேரூராட்சிகள் மலிந்த இம்மாவட்டத்தில் 2,500 ரூபாய் பெறும் பேரூராட்சி உறுப்பினரிடம் கேட்டால் அவர் சிரிப்பதும் இல்லை. பணத்துக்கு வேறு வழிகள் உண்டு என்று ஊர் பேசுவது எல்லாரிடத்தும் பொய்யும் அன்று, எல்லாரிடத்தும் மெய்யும் அன்று.

ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அவர் படுக்கப் போகும்போது, குளிமுறிக்குள், அதாவது குளியலறைக்குள், பாம்பு புகுந்துவிட்டதாக ஓர் அழைப்பு வருகிறது. அது தீயணைப்புத் துறையின் பணி என்று விளக்கியபடியே வீட்டு இலக்கத்தை விசாரிக்கும் அவருக்கு, அவ்வீடு தம் வார்டுக்குள்ளேயே வரவில்லை, எல்லைத் தெருவின் எதிர்வரிசையில் உள்ளது என்பது தெரியவருகிறது. நியாயமாக அவர் தொலைபேசியை வைத்துவிடலாம். ஆனால் அடுத்த வரையறையில் வார்டு எல்லை எந்தப் பக்கம் நகரும் என்பதும், தம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் தாம் எங்கே போய் நிற்க நேரும் என்பதும் அறிவிப்பு வெளியாகும்வரை யாருக்கும் தெரியாத செய்திகள். “கதவெ அடைச்சுப் போடுங்கோ, இன்னா வாறேன்” என்று கூறி அவர் வண்டிச் சாவியைத் தேடுகிறார்.