மூன்று கோடிக் கோப்பும் ஐயாயிரம் கருணையும்

வைத்த பொருளை வைத்த இடத்திலிருந்து எடுப்பதில் என்ன பெருமை? அது குழந்தைகூடச் செய்யும். பொருள் இருப்பது தெரிந்து, இடமும் தெரிந்து, கையில் சாவியும் இருந்து, எடுக்க மட்டும் இரண்டு வாரம் ஆகிறதென்றால் அதற்குப் பெயர்தான் நாகரிகம். அலுவலக ஆவணங்களைச் சேமித்து வைக்கும் ஷேர்பாயிண்ட் மென்பொருள் 2001 முதல் அந்த நாகரிகத்தைக் கட்டிக் காத்து வருகிறது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. ஷேர்பாயிண்ட் தளத்தில் என்னென்ன ஆவண நூலகங்கள் இருக்கின்றன, அவற்றில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று சி ஷார்ப் நிரல் ஒன்று எழுதிப் பட்டியல் எடுக்க வேண்டும். "தம்பி, நாலு வரிதான். மத்தியானத்துக்குள்ள முடிச்சிரு" என்று மேலாளர்கள் புதுப் பையன்களிடம் தள்ளிவிடுகிற வேலை. எந்த மத்தியானம் என்று சொல்லும் வழக்கம் மேலாளர்களுக்கு இல்லை.

முதலில் வாசல், அதாவது நிரல் உள்ளே போய்க் கேட்கும் வழி. மற்ற வீடுகளில் ஒன்றுதான் இருக்கும், இங்கே தாராளம். சோப் காலத்து வாசல் ஒன்று. 2010இல் சிசாம் வந்தது. 2013இல் ரெஸ்ட் வந்தது. 2015இல் கிராஃப் வந்தது. புது வாசல் திறந்ததற்காகப் பழையதை உடனே செங்கல் வைத்து அடைத்துவிடும் அற்பத்தனம் இங்கே கிடையாது. ஆகவே பையன் இணையத்தில் தேடும்போது நாலு வாசலுக்கும் வழி சொல்லும் பலகைகள் ஒரே நேரத்தில் கிடைக்கும், ஒன்றின் அம்புக்குறி இன்னொன்றைக் காட்டியபடி. பெயரிலும் அதே வள்ளல்தன்மை. திரையில் பார்க்கிறவருக்கு அது லைப்ரரி. ரெஸ்ட்டிடம் கேட்டால் லிஸ்ட். கிராஃபிடம் கேட்டால் டிரைவ். பொருள் ஒன்றுதான்.

எல்லாம் லிஸ்ட் என்றால், நூலகத்தை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி? மிக எளிது: வார்ப்புரு எண் 101 உள்ளதையெல்லாம் கொடு என்று கேட்க வேண்டும். நூலகம் என்பதற்கு நூற்றொன்று என்று பெயர் வைத்தவரின் எளிமையைக் கவனியுங்கள். கேட்டதும் கொடுக்கும். அலுவலகம் உருவாக்கிய மூன்று நூலகங்களோடு ஸ்டைல் லைப்ரரி, ஃபார்ம் டெம்ப்ளேட்ஸ், சைட் அசெட்ஸ் என்று யாரும் உருவாக்காத சிலவற்றையும் சேர்த்துக் கொடுக்கும். மறைந்திருப்பவை வேண்டாம் என்று வடிகட்டினாலும் இவை போகாது. இவை மறைந்தா இருக்கின்றன?

அனுமதிப் படலம் தனிச் சிறப்பு. நிரலை முதலில் என்ட்ரா ஐடியில் பதிவு செய்ய வேண்டும். 2023 வரை அதற்கு அஸூர் ஆக்டிவ் டைரக்டரி என்று பெயர். பெயர் பழகிவிட்டதே என்று மக்கள் வருந்தக்கூடாது என மாற்றினார்கள். அங்கே ஒரு ரகசியச் சொல் தருவார்கள். அதைக் காட்டினால் டோக்கனும் தருவார்கள். டோக்கனை வாங்கிக்கொண்டு பையன் ரெஸ்ட் வாசலுக்குப் போனால் 401 என்று கதவு சாத்தப்படும். டோக்கன் அசல்தான், ஆனால் ரகசியச் சொல்லைக் காட்டி வாங்கியது, சான்றிதழைக் காட்டி வாங்கியதல்ல. கவுண்டரிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்பார்கள் பொறுமையற்றவர்கள். சொல்லியிருந்தால் பையன் ஒரு நாள் முழுக்க டோக்கனைப் பிரித்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருப்பானா? அதே ரகசியச் சொல் கிராஃப் வாசலில் செல்லும் என்பது இன்னொரு கருணை. அதை மூன்றாம் நாள்தான் கண்டுபிடிப்பான்.

கிராஃபில் 'சைட்ஸ் செலெக்டெட்' என்றொரு அனுமதி உண்டு. தேர்ந்தெடுத்த தளங்களை மட்டும் பார்க்கலாம் என்று பொருள். நிர்வாகி ஒப்புதல் அளித்த கணத்தில் அந்த நிரலால் பார்க்கக்கூடிய தளங்களின் எண்ணிக்கை பூஜ்யம். தளம் தளமாகத் தனியே இன்னொரு அனுமதி கொடுக்க வேண்டும். பெயரில் 'தேர்ந்தெடுத்த' என்றுதானே இருக்கிறது, யாராவது தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று இருக்கிறதா?

இனி எண்ணிக்கைக்கு வருவோம். கைகூப்ப வேண்டிய இடம் இது. ஒரு நூலகத்தில் மூன்று கோடி கோப்புகள் வரை போடலாம். எந்த அரண்மனை ஆவணக் காப்பகத்துக்கு இந்த மனசு வரும்? போடுவதற்கு மூன்று கோடி. ஒரு முறை எட்டிப் பார்ப்பதற்கு ஐயாயிரம். அட்டவணையிடாத நெடுவரிசையை வைத்து வடிகட்டிக் கேட்டால், ஐயாயிரத்தைத் தாண்டிய நூலகம் வரம்பு மீறல் என்று மறுத்துவிடும். எண்ணிக்கை சொல்லாமல் ரெஸ்ட்டிடம் கோப்புகளை லிஸ்ட் உருப்படிகளாகக் கேட்டால் நூறு தரும். சோதனை நூலகத்தில் எண்பது கோப்பு இருந்தது, எண்பதும் வந்தது, பையன் டீ குடிக்கப் போனான். நிஜ நூலகத்தில் பன்னிரண்டாயிரம். வந்தது நூறு. பிழைச் செய்தி உண்டா? இல்லை. 200, ஓகே, எல்லாம் சுபம். மிச்சம் பதினோராயிரத்துத் தொள்ளாயிரம் எங்கே என்பதற்கான குறிப்பு பதிலின் ஓரத்தில் ஒரு 'அடுத்த' சுட்டியாக இருக்கும். தேடுபவருக்குத்தான் அது கண்ணில் படும். இருக்கிறதென்று தெரிந்தவர்தான் தேடுவார். சுட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஓடினால் 429 வரும்: கூட்டமாக இருக்கிறது, இத்தனை நொடி கழித்து வா. அந்த நொடிகளுக்கு முன்பே மறுபடி தட்டினால் அந்தத் தட்டலும் உங்கள் கணக்கில் ஏறும்.

தமிழுக்கு இந்த அமைப்பு செய்திருக்கும் மரியாதையைச் சொல்லாமல் விடக்கூடாது. பழைய செட்டிங்ஸ் பக்கத்தில் 'பெயர்' என்று தமிழில் ஒரு நெடுவரிசை சேர்த்துப் பாருங்கள். திரையில் 'பெயர்' என்றே தெரியும். உள்ளே அதன் ஒவ்வொரு குறியும் ஏழெழுத்துச் சங்கேதமாக மாறும். ப, எகரக் கொம்பு, ய, ர, புள்ளி: ஐந்து குறி, முப்பத்தைந்து எழுத்து. உட்பெயரோ 32 எழுத்துக்கு மேல் போகாது. எனவே கடைசிப் புள்ளி பாதியில் நறுக்கப்படும். புள்ளியைப் பாதியாக வெட்டலாம் என்று எந்த இலக்கண ஆசிரியருக்காவது தோன்றியிருக்குமா? நிரலில் அந்தப் பாதிப் புள்ளியோடுதான் கேட்க வேண்டும். ஆங்கிலக்காரர்களுக்கும் ஓரவஞ்சனை இல்லை. அவர்கள் விடும் ஒவ்வொரு இடைவெளிக்கும் அதே ஏழெழுத்து.

சி ஷார்ப் எழுதுகிறவர்களுக்கென்று தனிப் பரிவும் உண்டு. கிராஃபுக்கான நிரல் தொகுப்பின் நான்காம் பதிப்பில் ஒவ்வொரு வரியிலும் 'ரிக்வெஸ்ட்' என்று பணிவாக எழுத வேண்டும். 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். பணிந்து பழகியவர்கள் எல்லா வரிகளையும் திரும்ப எழுதிக் கை வேகம் பெற்றார்கள். பழைய ஏசிஎஸ் அனுமதி முறையில் நிம்மதியாக இருந்தவர்களுக்கு 2026 ஏப்ரல் 2 என்று கடைசி நாள் குறித்துக் கொடுத்தார்கள். ஓடுகிற நிரலை ஓடவிட்டு உடம்பில் துரு ஏற்றிக்கொள்ள அனுமதிக்காத நல்ல மனசு.

பையன் முடித்துவிட்டான். பார்த்தால் உண்மையிலேயே நாலு வரிதான். அவற்றைச் சுற்றி இருநூறு வரி. மேலாளரிடம் காட்டப் போனபோது அவர் கைபேசியில் நூலகப் பட்டியல் ஏற்கெனவே இருந்தது. கணக்குப் பிரிவு அக்கா உலாவியில் தளத்தைத் திறந்து, நூலகங்களின் பெயரைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, படம் பிடித்து, முதல் நாள் மத்தியானமே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஃபார்ம் டெம்ப்ளேட்ஸை அவர் எழுதவில்லை.